முடிவு கேட்கும் மனம்

தொலைக்காட்சித் தொடரைப் பற்றி ஓர் இலக்கிய இதழில் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் நம் இல்லங்களில் மாலைச் செபமாலைக்கும் இரவு உணவுக்கும் இடையே மிகுதியாகப் பேசப்படும் கதைகள் இன்று நூலகத்திலிருந்து வருவன அல்ல. நாவல் படித்துவிட்டு அதன் முடிவைக் குறித்து வாதாடிய தலைமுறை ஒன்று இருந்தது. இப்போது அந்த வாதம் தொடர்களின் கடைசிப் பகுதியைச் சுற்றி நடக்கிறது. வாதத்தின் சூடு அன்றுபோலவே இருக்கிறது. எங்கே ஒரு மக்கள் கூட்டம் நீதியைப் பற்றிச் சூடாகப் பேசுகிறதோ, அங்கே திறனாய்வாளனுக்கும் வேலை உண்டு.

நான் எடுத்துக்கொள்வது ‘சுழல்’ என்னும் தமிழ்க் குற்றத் தொடர். புஷ்கர், காயத்ரி இருவரும் உருவாக்க, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய அதன் முதற்பருவம் 2022 ஜூன் 17ஆம் நாள் அமேசான் பிரைம் தளத்தில் எட்டுப் பகுதிகளாக வெளிவந்தது. இரண்டாம் பருவம் 2025 பிப்ரவரி 28ஆம் நாள் வந்தது. அது வந்த பிறகுதான், முதற்பருவத்தின் முடிவைப் பற்றி எங்கள் கடற்கரையில் அடங்கியிருந்த வாக்குவாதம் மீண்டும் தலைதூக்கியது. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன். முடிவை வெளிப்படுத்தாமல் முடிவைப் பற்றி எழுத இயலாது. ஆகவே இன்னும் பார்க்காதவர்கள் இவ்விதழை ஒருபுறம் வைத்துவிட்டு, பார்த்த பின்னர் எடுத்துக்கொள்ளலாம்.

சாம்பலூர் என்பது கற்பனையான ஒரு மலையூர். அங்கே ஒரு சிமெண்டு ஆலை. அதன் தொழிற்சங்கத் தலைவர் சண்முகம். பார்த்திபன் அப்பாத்திரத்தை அளவறிந்து செய்திருக்கிறார். மயானக் கொள்ளைத் திருவிழா தொடங்கும் இரவில் ஆலை தீப்பற்றி எரிகிறது. அதே இரவில் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமற்போகிறாள். ஆய்வாளர் ரெஜினாவும் உதவி ஆய்வாளர் சக்கரவர்த்தியும் தேடத் தொடங்குகிறார்கள். ஐயம் ஒவ்வொருவர்மீதாக விழுந்து நகர்கிறது. ஆலை முதலாளியைச் சந்தேகிக்கிறோம், காதலித்த பையனைச் சந்தேகிக்கிறோம், தந்தையையே சந்தேகிக்கிறோம். திருவிழா நாட்கள் ஒவ்வொன்றாகக் கழிய, கடைசியில் நிலாவைச் சிறு வயது முதல் சீரழித்தவர் தந்தையின் உடன்பிறந்த குணாவே என்று தெரியவருகிறது. மெல்லிய குரலில் பேசுகிற, குடும்பத்தின் எல்லாத் துயரிலும் உடனிருக்கிற, யாரும் ஐயுறாத மனிதர். அதே கொடுமையைச் சிறுமியாக இருந்தபோது தானும் அனுபவித்த மூத்த மகள் நந்தினி அவரைக் கொல்கிறாள். முதற்பருவம் அங்கே முடிகிறது.

இந்த வெளிப்பாட்டின் ஆற்றலை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். துப்பறியும் கதைகளில், நாம் சற்றும் எதிர்பாராதவனைக் குற்றவாளியாக்குவது பழைய உத்தி. பெரும்பாலும் அது வாசகனை ஏமாற்றிய களிப்போடு நின்றுவிடும். இங்கே அந்த உத்திக்கு ஓர் உண்மை துணைநிற்கிறது. சிறார்மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் குழந்தைக்கு ஏற்கெனவே அறிமுகமானவர் என்பதைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டிவருகின்றன. உறவினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர், ஆசிரியர் எனப் பட்டியல் நீளும். எட்டுப் பகுதிகளிலும் நாம் வெளியே தேடிக்கொண்டிருந்தோம். அவரோ அடுக்களைக்கும் கூடத்துக்கும் இடையே நடமாடிக்கொண்டிருந்தார். பார்வையாளரின் தவற்றையே கதையின் கருப்பொருளாக்கிய இந்த அமைப்பு தமிழ்த் திரைக்கதையில் அரிது. குமரவேல் அந்த மனிதரை அரக்கனாக நடிக்காமல் அன்பானவராகவே நடித்திருப்பது இன்னும் அரிது.

வாதம் எழுவது அதற்கு அடுத்த நொடியில்தான். எங்கள் பகுதியில் இத்தொடரைப் பார்த்தோரில் பெரும்பாலார் நந்தினியின் செயலைக் கொண்டாடினர். துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் என்னிடம் சொன்னது நினைவில் இருக்கிறது: “சாமி, கோர்ட்டு கேசுன்னு போனா எந்தக் காலத்துல முடியும்? அங்கனக்குள்ளயே முடிச்சதுதான் சரி.” மற்றொரு சாரார், பெரும்பாலும் கல்லூரியில் படிப்போர், முடிவு கதையைக் கெடுத்துவிட்டது என்றனர். இவ்வளவு நுட்பமாக வளர்த்த புதிரைப் பழைய திரைப்படப் பாணியில் ஒரு கொலையோடு கட்டி முடித்துவிட்டார்கள் என்பது அவர்கள் குறை. முன்னவர்க்கு நீதி கிடைத்தது. பின்னவர்க்குக் கலை கிடைக்கவில்லை. இரு தரப்பாரும் ஒருவரையொருவர் இரக்கமற்றவர் என்றும் இரசனையற்றவர் என்றும் ஏசிக்கொண்டனர்.

மூன்றாவதாக ஒரு சாராரும் இருந்தனர். அவர்கள் ஒன்றும் பேசவில்லை. ஒரு தொடரைப் பற்றிக் குடும்பமே கூடிப் பேசும்போது, அந்த ஒரு தொடரைப் பற்றி மட்டும் ஏன் சிலர் எழுந்து உள்ளே போய்விடுகிறார்கள் என்பதை வீட்டிலிருப்போர் கவனித்திருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. ஆன்ம காரியங்களில் பல ஆண்டு பழகிய எந்தக் குருவுக்கும் அந்த மௌனத்தின் பொருள் ஓரளவு புரியும். இதற்குமேல் அதைப் பற்றி இங்கே எழுதுவது முறையன்று.

இனி இதற்கு நேர் எதிரான ஒரு முடிவைப் பார்ப்போம். அமெரிக்காவில் 1999 ஜனவரி முதல் 2007 ஜூன் வரை ஆறு பருவங்களாக, 86 பகுதிகளாக ஒளிபரப்பான தொடர் ‘தி சொப்ரானோஸ்’. நியூ ஜெர்சியில் வாழும் டோனி சொப்ரானோ என்னும் குற்றக்கும்பல் தலைவனின் இல்லறமும் கொலைத்தொழிலும் அதன் கதை. இத்தாலியக் கத்தோலிக்கக் குடும்பம். திருமுழுக்கு, உறுதிபூசுதல், அடக்கச் சடங்கு எல்லாம் முறைப்படி நடக்கும். (அக்குடும்பத்தின் உணவு மேசைக்கு அடிக்கடி வந்து போகும் அருட்தந்தை ஒருவரும் கதையில் உண்டு. அவரைப் பற்றி நான் கருத்துச் சொன்னால் சார்புடையதாகிவிடும். கறியும் மதுவும் நன்றாக இரசிப்பவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

2007 ஜூன் 10ஆம் நாள் கடைசிப் பகுதி ஒளிபரப்பானது. ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சம் பேர் பார்த்தனர். டோனி ஒரு சிற்றுண்டிச்சாலையில் அமர்ந்திருக்கிறான். மனைவி வருகிறாள்; மகன் வருகிறான். மகள் வெளியே வண்டியை நிறுத்தப் படாதபாடு படுகிறாள். உள்ளே யார் யாரோ வருகிறார்கள். அவர்களில் ஒருவன் கொல்ல வந்தவனாக இருக்கலாம். வயிறார உண்ண வந்தவனாகவும் இருக்கலாம். கதவு மணி ஒலிக்கிறது. டோனி நிமிர்ந்து பார்க்கிறான். திரை இருண்டுபோகிறது. ஒலியும் இல்லை. சில நொடிகளுக்குப் பின் பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்குகிறது. கேபிள் இணைப்பு அறுந்துவிட்டது என்று எண்ணி எத்தனையோ வீடுகளில் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்கள். பிறகு கோபம் வெடித்தது. அவன் கொல்லப்பட்டானா, உயிரோடிருக்கிறானா? அந்தச் சில நிமிடக் காட்சியைச் சட்டம் சட்டமாக ஆய்ந்து, இருக்கையின் அமைப்பையும் மணியோசையையும் சாட்சியாகக் காட்டி எழுதப்பட்டவை ஏராளம். ஒரு கொலை வழக்கில் அரசு வழக்கறிஞர்கூட இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்.

அத்தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ் பிற்காலத்தில் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ஆண்டுக்கணக்கில் டோனியின் பக்கம் நின்று, அவன் திருடியதையும் கொன்றதையும் இரசித்து, அவனுக்காக ஆரவாரித்த அதே மக்கள், கடைசியில் மட்டும் அவன் தண்டிக்கப்பட்டு விழுவதைக் கண்ணால் காண வேண்டும் என்று துடித்தது அவருக்கு வெறுப்பூட்டியது. இதனை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. டோனியின் பிணத்தைக் காட்டியிருந்தால் பார்வையாளர் நிம்மதியாக உறங்கப் போயிருப்பர். தீயவன் அழிந்தான், கணக்கு முடிந்தது. 86 பகுதிகளில் அவனோடு சேர்ந்து சிரித்த தம் சிரிப்பைப் பற்றி எவரும் கேட்கப்போவதில்லை. அந்த இருட்டு மறுத்தது அந்த உறக்கத்தைத்தான்.

நம் நாட்டிலும் 2019 ஆகஸ்டு 15ஆம் நாள் வெளியான ‘சேக்ரட் கேம்ஸ்’ இந்தித் தொடரின் இரண்டாம் பருவம் இதே வகையில் முடிந்தது. மும்பை நகரையே அழிக்கவல்ல அணுகுண்டின் முன் சர்தாஜ் சிங் என்னும் காவல் அதிகாரி நிற்கிறார். வெடித்ததா, தப்பியதா என்று சொல்லாமலே திரை மூடுகிறது. இரசிகர்கள் ஏமாற்றம் என்றார்கள். மூன்றாம் பருவத்துக்கு அடிபோட்டிருக்கிறார்கள் என்றார்கள். மூன்றாம் பருவமும் வரவில்லை. என் கருத்தில் அவர்களின் கோபத்துக்கு இங்கே ஓரளவு நியாயம் உண்டு. சொப்ரானோவின் கதையில் வெளியே நடக்க வேண்டியது நடந்து முடிந்துவிட்டது. அவன் எப்படிப்பட்டவன் என்பதில் நமக்கு ஐயமில்லை. சர்தாஜின் கதையோ குண்டைச் சுற்றியே கட்டப்பட்டது. குண்டைக் காட்டி எட்டுப் பகுதி ஓட்டிவிட்டு, அது என்னாயிற்று என்று சொல்லாதிருப்பது மௌனத்தின் ஆழமன்று. கடனைத் தீர்க்காமல் நழுவுவது. சொல்லாமல் விடுவது எல்லாமே கலையாகிவிடாது.

முடிவு பிடிக்காத வாசகர்கள் சும்மா இருந்ததில்லை. 1893 டிசம்பரில் ஆர்தர் கோனன் டாயில் தம் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸைச் சுவிட்சர்லாந்து அருவியில் விழச் செய்து கதையை முடித்தபோது, இலண்டன் வாசகர்கள் பத்திரிகைச் சந்தாவை நிறுத்தினார்கள். ஆசிரியரை ஏசிக் கடிதம் எழுதினார்கள். பத்தாண்டு கழித்து, 1903இல், அவர் ஹோம்ஸை உயிரோடு திருப்பிக் கொண்டுவர நேர்ந்தது. இன்னும் பழைய சான்று வேண்டுமானால் மாற்கு நற்செய்தியையே பாருங்கள். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் அந்நற்செய்தி, வெற்றுக் கல்லறையைக் கண்ட பெண்கள் அஞ்சி ஓடி, யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு நின்றுவிடுகிறது. அந்த முடிவில் மனம் நிறையாத தொடக்கக் கிறிஸ்தவர்கள் குறுகிய முடிவு ஒன்றும் நீண்ட முடிவு ஒன்றும் சேர்த்தனர் என்பது விவிலிய அறிஞர் பலரின் முடிபு. திருச்சபை அந்த நீண்ட பகுதியையும் இறைஏவுதல் பெற்றதாகவே ஏற்றுப் போற்றுகிறது. ஆகவே முடிவு கேட்கும் மனத்தை நான் இகழவில்லை. அது பழமையானது, சில வேளைகளில் அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்த மனம் எதைக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். சொப்ரானோவின் பிணம் கேட்டுக் கோபித்தவர்களும் குணாவின் பிணம் கண்டு கைதட்டியவர்களும் வேறு வேறு கூட்டத்தார்போல் தோன்றினாலும், இருவர் கேட்டதும் ஒன்றே. யாராவது ஒருவர் விழ வேண்டும்; விழுந்துவிட்டால் நாம் எழுந்து போகலாம்.

இதற்கு எங்கள் கரையிலேயே ஒரு பழங்கதை இருக்கிறது. சிலப்பதிகாரத்தைக் குற்றக்கதையாக எண்ணிப் பாருங்கள். களவு போன சிலம்பு. பொய் சொன்ன பொற்கொல்லன். விசாரணையின்றி நிறைவேற்றப்பட்ட தண்டனை. பின்னர் அவையில் காட்டப்பட்ட சான்று. அரசியின் சிலம்பினுள் முத்து. கண்ணகியின் சிலம்பினுள் மாணிக்கம். அந்த முத்து பாண்டியனின் கொற்கைத் துறையில் குளித்தெடுத்த முத்தாகத்தானே இருந்திருக்கும்! தமிழின் முதற்பெரும் வழக்கில் எங்கள் கடல் சாட்சி சொல்லியிருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொள்ள எங்களுக்கு இடமுண்டு. மன்னன் தன் தவற்றை உணர்ந்த அக்கணமே உயிர்விடுகிறான். மதுரை எரிகிறது. நம்மில் பெரும்பாலோர் மேடைகளில் கேட்ட கதை இத்துடன் முடிந்துவிடும்.

காப்பியம் அத்துடன் முடியவில்லை. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சீற்றம் தணிய, ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று இளங்கோவடிகள் சொல்கிறார். பொய் சொன்னவன் ஒருவன். பலியானவர் ஆயிரம் பேர். அவர்களுள் எவருக்கும் பெயர் இல்லை. அவர்கள் செய்த குற்றம் என்ன என்ற கேள்வியும் இல்லை. மழை பெய்தது, நாடு செழித்தது என்று உரைபெறு கட்டுரை கூறுகிறது. கொற்கை இன்று கடல் விலகிப்போன ஒரு சிற்றூர். தூத்துக்குடியிலிருந்து தெற்கே சிறிது தொலைவுதான். முத்தைப் பற்றியும் பாண்டியரைப் பற்றியும் அங்கே விரிவாகப் பேசும் அறிஞர்கள் அந்த ஆயிரம் பேரைப் பற்றிப் பேசியதை நான் கேட்டதில்லை. கணக்கு முடிந்த நிறைவில் அவர்களை எண்ண யாருக்கும் மனமில்லாமற்போயிற்று.

பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2019 டிசம்பர் 6ஆம் நாள், ஐதராபாத்தில் ஒரு பெண் மருத்துவரைச் சீரழித்துக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நால்வரைக் காவல்துறை விடியற்காலையில் சுட்டுக் கொன்றது. மக்கள் திரண்டு காவலர்மீது மலர் தூவினர், இனிப்பு வழங்கினர். நம் ஊர்களிலும் மகிழ்ந்து பேசியோர் பலர். அக்கொடுஞ்செயல் எழுப்பிய சினம் நேர்மையானது, அதில் ஐயமில்லை. உச்சநீதிமன்றம் அமர்த்திய நீதியரசர் சிர்புர்கர் ஆணையமோ, காவல்துறை சொன்ன கதை நம்பத்தக்கதன்று என்றும், கொல்லும் எண்ணத்தோடே சுட்டனர் என்றும் அறிக்கை அளித்தது. அவ்வறிக்கை 2022 மே மாதத்தில் வெளியானபோது மலர் தூவியவர்கள் அதைப் படித்தார்களா? வழக்கு விசாரிக்கப்படவில்லை, சாட்சிகள் கேட்கப்படவில்லை, குற்றவாளிகள் அவர்கள்தாம் என்பதற்கு நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இனி ஒருகாலும் கிடைக்காது.

அதற்கு ஆறே மாதம் கழித்து, 2020 ஜூன் மாதத்தில், எங்கள் மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனுமாக இரு வணிகர்கள் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, கொடுமையாக அடிக்கப்பட்டு, அடுத்தடுத்து இறந்துபோனார்கள். ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தார்கள் என்பதே அவர்கள்மீது சொல்லப்பட்ட தொடக்கக் குற்றம். ஊர் கொதித்தது. நாடே கேட்டது. காவல் நிலையத்திலேயே ‘முடித்துவிடும்’ அதிகாரம் எத்தகையது என்பதை எங்கள் மக்கள் அன்று கண்டார்கள். அதே நிலையத்தில் பணியாற்றிய ஒரு பெண் தலைமைக் காவலர், நடந்ததை நீதித்துறை நடுவர் முன் எடுத்துச் சொன்னார். அச்சத்துடன் சொன்னார்; ஆனாலும் சொன்னார். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தானே முன்வந்து வழக்கை எடுத்தது. விசாரணை ஆண்டுக்கணக்கில் நடந்தது. வாய்தா, குறுக்கு விசாரணை, மீண்டும் வாய்தா என்று சலிப்பூட்டும் கதை. எந்தத் தொடரும் அதை எட்டுப் பகுதிகளில் காட்டியிருக்க முடியாது. ‘அங்கனக்குள்ளயே முடிச்சதுதான் சரி’ என்ற அந்த நண்பரே சாத்தான்குளம் நிகழ்ந்தபோது முதலாவதாகத் தெருவுக்கு வந்தவர்களில் ஒருவர். இரண்டையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

மறுபடியும் நந்தினிக்கு வருவோம். அவள் செய்ததை நான் குற்றக்கூண்டில் நிறுத்தவில்லை. அந்தச் சினத்தின் வேர் எங்கே என்று தொடர் நமக்குக் காட்டியிருக்கிறது. கதையில் அவள் கொல்வது பாத்திரத்தின் இயல்புக்கு மாறானதும் அன்று. கல்லூரி இளைஞர்கள் சொன்ன கலைக்குறையை நான் அவ்வளவாக ஏற்கவில்லை. என் குறை வேறு. குணா இறந்ததும், அவரைச் சுற்றியிருந்த வீடு விசாரணையிலிருந்து தப்பிவிடுகிறது. இரண்டு பெண்குழந்தைகள் பல ஆண்டுகள் சிதைக்கப்பட்டபோது யார் பார்த்தார்கள், யார் பார்த்தும் பாராதிருந்தார்கள், குழந்தை எதையோ சொல்ல வந்தபோது யார் பேச்சை மாற்றினார்கள்? பார்வையாளர் தம் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய கேள்விகள் இவை. ஒரு பிணம் குறுக்கே விழுந்து இவற்றை மறைத்துவிட்டது. கைதட்டிய பலருக்கு அந்த மறைப்பே ஆறுதலாயிருந்தது என்று ஐயுறுகிறேன்.

நம் நாட்டுச் சட்டம் இவ்விடத்தில் திரைக்கதையைவிடக் கூர்மையானது. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012இல் இயற்றப்பட்ட சட்டம், குற்றம் செய்தவனை மட்டும் நோக்கிப் பேசவில்லை. இத்தகைய குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காமல் விட்டால் அதுவும் தண்டனைக்குரியது. தாயும் பெரியம்மாளும் தலைமையாசிரியரும் குருவும் இதற்குள் அடங்குவர். குடும்ப மானம் போய்விடும், பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது, ஊருக்குள் தலைநிமிர முடியாது என்று நாம் சொல்லிக்கொள்ளும் காரணங்கள் எதையும் அச்சட்டம் பொருட்படுத்தவில்லை. குழந்தையின் பெயரை வெளியிடவும் அது தடைசெய்கிறது. கொலை செய்யத் துணிவு வேண்டும் என்கிறது தொடர். புகார் எழுதிக் கையெழுத்திடத் துணிவு வேண்டும் என்கிறது சட்டம். இரண்டாவது துணிவைக் காட்டும் காட்சி எந்தத் தொடரிலும் கைதட்டல் பெறுவதில்லை.

இதை எழுதும்போது நாங்கள் குருக்கள் ஒதுங்கி நிற்க முடியாது. திருச்சபைக்குள்ளும் பல நாடுகளில் இக்கொடுமை நிகழ்ந்தது, மறைக்கவும் பட்டது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதத்தில் வெளியிட்ட ஆணைமடல், இத்தகைய குற்றத்தை அறியவரும் அருள்பணியாளரும் துறவியரும் திருச்சபை அதிகாரிகளுக்கு அறிவித்தே ஆக வேண்டும் என்று கட்டளையிட்டது. அவ்வாண்டு டிசம்பரில், இவ்வழக்குகளைச் சூழ்ந்திருந்த ‘பாப்பிறை இரகசியம்’ என்னும் திரையையும் அவர் நீக்கினார். ஒப்புரவு அருட்சாதனத்தின் முத்திரை வேறு. அது மீற முடியாதது. அந்த முத்திரையைக் காட்டி மற்ற மௌனங்களுக்கெல்லாம் நியாயம் தேடிய காலம் ஒன்று இருந்தது. நம் மக்கள் ஒரு தொடரின் முடிவைப் பார்த்து ‘நீதிமன்றம் எதற்கு’ என்று கேட்டால், அந்தக் கேள்வியை உண்டாக்கியதில் இவ்வகை மௌனங்களுக்கும் பங்கு உண்டு.

முடிவு கேட்டுச் சினந்தவர்களுள் விவிலியம் மறக்காத ஒருவர் யோனா. நினிவே நகர் அழியும் என்று அறிவித்தவர் அவர்தான். அறிவித்தபின் நகருக்குக் கிழக்கே ஒரு குடில் அமைத்து, நிழலில் அமர்ந்து, அழிவைப் பார்க்கக் காத்திருந்தார். இன்றைய இரசிகர் கடைசிப் பகுதி வெளியாகும் இரவில் கண்விழித்துக் காத்திருப்பதைப் போல. நகரம் அழியவில்லை. யோனா கோபித்தார், சாவதே மேல் என்றார். அந்த நூல் எப்படி முடிகிறது என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஓர் இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதரும் எண்ணிறந்த கால்நடைகளும் வாழும் நகரைக் குறித்துக் கடவுள் கேட்கும் ஒரு கேள்வியோடு அது நின்றுவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னார், குடிலைவிட்டு எழுந்தாரா, ஊர் திரும்பினாரா என்ற செய்தி எதுவும் இல்லை. குருமடத்தில் நாங்கள் அந்நூலைப் பயின்றபோது, கடைசி ஏடு தொலைந்துபோயிற்றோ என்று வேடிக்கையாகக் கேட்ட மாணவர்கள் உண்டு.

‘சுழல்’ இரண்டாம் பருவத்தை நான் சிலரைவிட உயர்வாக மதிப்பதற்குக் காரணம் இதுதான். கதை இப்போது மலையிலிருந்து கடற்கரைக்கு வருகிறது. காளிபட்டினம் என்னும் ஊரும் அங்கே நடக்கும் அஷ்டகாளித் திருவிழாவும் எங்கள் குலசேகரன்பட்டினத்துத் தசராவைப் பார்த்தவர்களுக்கு உடனே பழகியவையாகிவிடும். வேடமிட்ட கூட்டம், மேளம், கடற்காற்று எல்லாம் கண்ணுக்கு நிறைவு. குற்றப்புதிர் முதற்பருவத்தைப்போல இறுக்கமாக இல்லை என்பது மெய். ஒரு வழக்கறிஞரின் கொலைக்கு எட்டு இளம்பெண்கள் தனித்தனியே பொறுப்பேற்கிறார்கள் என்னும் தொடக்கம் அளிக்கும் எதிர்பார்ப்பைப் பிற்பகுதி தாங்க இயலாமல் சில இடங்களில் உரத்துப் பேசுகிறது. முதற்பருவத்தின் இரசிகர்கள் இவற்றையெல்லாம் குறையாகச் சொன்னார்கள். அவர்களுள் பலர் சொன்ன பெருங்குறை ஒன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. நந்தினியைச் சிறையில் வைத்திருப்பது ஏன்? முன்பு நாம் கைதட்டிய பெண்ணை இப்படிக் கம்பிகளுக்குப் பின்னால் வாட்டுவதா?

புஷ்கரும் காயத்ரியும் செய்த நேர்மையான செயல் அதுவே என்று கருதுகிறேன். கொலைக்குப் பிந்திய காலை ஒன்று உண்டு என்று அவர்கள் காட்டினார்கள். நந்தினி விசாரணைக் கைதி. அவளுக்கு வழக்கறிஞர் வேண்டியிருக்கிறது. சிறைக்குள் அவளைப் பார்க்க வருபவர் சிலர், வராதவர் பலர். ஐஸ்வர்யா ராஜேஷ் அந்தக் காட்சிகளில் வீரம் எதையும் காட்டவில்லை. சோர்ந்த ஒரு பெண்ணாக, குணா இறந்த பின்னும் குணா தன்னைவிட்டுப் போகவில்லை என்று தெரிந்த பெண்ணாக அமர்ந்திருக்கிறார். சிறார் பருவத்தில் சிதைக்கப்பட்டவர்க்குக் குற்றவாளியின் சாவு விடுதலையைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை என்பதை அம்முகம் சொல்கிறது. முதற்பருவத்தின் கடைசி நொடி தராமல் விட்டதை, பரபரப்பு எதுவுமற்ற இந்தச் சிறைக்காட்சிகள் தருகின்றன. துறைமுகத்து நண்பரிடம் இரண்டாம் பருவம் பார்த்தீரா என்று கேட்டேன். மூன்று பகுதி பார்த்துவிட்டு நிறுத்திவிட்டாராம். அந்தப் பிள்ளையை உள்ளே வைத்துப் பார்க்க மனசு கேட்கவில்லை என்றார்.